கத்திரியில் புழுக்கம்... மார்கழியில் பனி! பருவத்துக்கு ஏற்ற தூக்கம் எப்படி?

பங்குனி பிறந்து பத்து நாள்கூட ஆகவில்லை. அதற்குள் பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டை மாடிக்கும் திண்ணைக்கும் குடியேறத் தொடங்கிவிட்டன கிராமத்துக் குடும்பங்கள். இந்த இதழுக்கு வந்த கேள்விகளிலும் அந்தப் புழுக்கம் தெரிகிறது. உரம், பூச்சி, விதை பற்றிய கேள்விகளுக்கு நடுவே, 'ராத்திரி தூக்கமே இல்லை' என்று எழுதியவர்கள் அதிகம். அதனால் இந்த முறை பதில்கள் முழுக்கத் தூக்கத்துக்கே ஒதுக்கப்படுகின்றன.

கேள்விகளுக்குள் போவதற்கு முன் ஓர் அடிப்படை. சாலையோரத்துத் தூங்குமூஞ்சி மரம் பொழுது சாய்ந்ததும் இலையை மடக்கிக்கொள்வதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். புளிய மரமும் அப்படித்தான். வெளிச்சம் குறைவதால் மட்டும் இது நடக்கிறதா? 1729-ம் ஆண்டில் தெ மெரான் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி, தொட்டாற்சிணுங்கி வகைச் செடி ஒன்றை இருட்டில் வைத்துப் பார்த்தார். வெயிலே படாத இடத்திலும் அந்தச் செடி பகலில் இலையை விரித்தது, இரவில் மடக்கியது. செடிக்கு உள்ளேயே ஒரு கடிகாரம் இருக்கிறது என்பதற்கு அதுதான் முதல் தடயம். அதேபோன்ற கடிகாரம் மனித உடலிலும் ஓடுகிறது. அது எப்படி இயங்குகிறது என்பதைக் கண்டறிந்த 3 அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 2017-ம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

இந்தக் கடிகாரத்தைத் தினமும் சரிசெய்வது காலை வெளிச்சம். இருட்டியதும் மூளையில் மெலடோனின் என்ற சுரப்பு கூடுகிறது, உடலின் உள்வெப்பம் மெல்லக் குறைகிறது, தூக்கம் வருகிறது. குளிர்நாடுகளில் பருவம் மாறினால் வெளிச்சமே தலைகீழாகிவிடும். லண்டனில் கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் 8 மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம். தஞ்சாவூரில் அது ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம்தான். ஆகவே, நம் ஊரில் பருவம் மாறும்போது தூக்கத்தைக் கெடுப்பது வெளிச்சத்தைவிட மற்ற மூன்றுதான்: வெப்பம், ஈரப்பதம், பருவத்துக்குப் பருவம் மாறும் வேலை நேரம். கீழே உள்ள கேள்விகள் எல்லாமே இந்த மூன்றுக்குள் அடங்கிவிடுகின்றன... ஒன்றைத் தவிர.

'எங்களுடையது கான்கிரீட் வீடு. கோடையில் ராத்திரி 12 மணி வரை அறை அனலாக இருக்கிறது. மின்விசிறியும் சூடான காற்றைத்தான் தள்ளுகிறது. காலை 4 மணிக்குப் பால் கறக்க எழுந்தாக வேண்டும். நல்ல தூக்கத்துக்கு என்ன வழி?'
- ஒரு வாசகி, கரூர் மாவட்டம்.

தூக்கம் வர வேண்டுமானால் உடலின் உள்வெப்பம் சற்றே குறைய வேண்டும். அந்தச் சூடு கை, கால், தோல் வழியாகத்தான் வெளியேறுகிறது. சுற்றியிருக்கும் காற்றே சூடாக இருந்தால் உள்சூடு போக வழியில்லை. கான்கிரீட் தளம் பகல் முழுக்க வெயிலைக் குடித்து வைத்துக்கொண்டு, இரவில் அதை அறைக்குள் கக்குகிறது. எனவே வைத்தியம் அறைக்குள் தொடங்குவதைவிடக் கூரையில் தொடங்குவது நல்லது.

சித்திரைக்கு முன்பே தளத்தின் மேல் வெள்ளைச் சுண்ணாம்பு இரண்டு பூச்சு அடிக்கலாம். வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடுவதால் அறைச் சூடு சில டிகிரி குறையும். அதைவிட நல்லது, தளத்துக்கு மேல் ஓர் ஆள் உயரத்தில் தென்னங்கீற்றுப் பந்தல். வெயில் தளத்தைத் தொடாமலே நின்றுவிடும். தண்ணீர் வசதி உள்ளவர்கள் பொழுது இறங்கிய பிறகு தளத்தில் தண்ணீர் தெளிக்கலாம். தட்டுப்பாடு உள்ள ஊரில் பாத்திரம், அரிசி கழுவிய தண்ணீரே போதும்.

பகலில் மேற்குப் பக்க ஜன்னலை மூடி, கோணிச் சாக்கு தொங்கவிட வேண்டும். வெளிக்காற்று குளிர்ந்த பிறகு எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவிட வேண்டும். மேஜை விசிறி இருந்தால் ஜன்னலோரம் வைத்து வெளிக்காற்றை உள்ளே இழுக்கலாம். கரூர், வேலூர், மதுரை போன்ற வறண்ட பகுதிகளில் ஈரத்துணியை ஜன்னலில் கட்டினால் குளிர்ச்சி கிடைக்கும். நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோரத்தில் இது பலிக்காது. அங்கே காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகம், வியர்வையே காய்வதில்லை. அங்கு உடம்பின் மேல் காற்று பட்டுக்கொண்டே இருப்பதுதான் முக்கியம்.

படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு, வெதுவெதுப்பான தண்ணீரில் குளிப்பது நல்ல பலன் தரும். 'வெயில் காலத்தில் வெந்நீரா?' என்று தோன்றலாம். மிதமான சூடு தோலின் ரத்தக் குழாய்களை விரிக்கிறது. குளித்து முடித்ததும் அந்த வழியாக உள்சூடு வேகமாக இறங்கிவிடுகிறது. அதற்கும் நேரமில்லை என்றால் கை, கால், முகம் கழுவிவிட்டுப் படுத்தாலே வித்தியாசம் தெரியும்.

படுக்கையில் பஞ்சு மெத்தை, நுரை மெத்தை இரண்டும் சூட்டைப் பிடித்துவைப்பவை. கோரைப்பாயும் கயிற்றுக் கட்டிலும்தான் கோடைக்கு ஏற்றவை. கயிற்றுக் கட்டிலில் முதுகுக்குக் கீழேயும் காற்று போகும். மொட்டை மாடியில் படுப்பதும் நல்லதுதான். ஆனால், கைப்பிடிச் சுவர் இல்லாத மாடியில் படுக்கவே கூடாது. தூக்கக் கலக்கத்தில் எழுந்து நடந்து விழுபவர்கள் ஒவ்வொரு கோடையிலும் இருக்கிறார்கள்.

அடுத்தது நேரம். பெரியவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேரத் தூக்கம் தேவை. 4 மணிக்கு எழுபவர், 9 மணிக்குப் படுக்கையில் இருக்க வேண்டும். 11 மணிக்குத்தான் அறை குளிர்கிறது என்றால், விட்டுப்போன தூக்கத்தை மதியம் பிடிக்கலாம். உச்சி வெயிலில் வயலில் நிற்பதைவிட வேப்பமர நிழலில் 20 முதல் 30 நிமிடம் கண் அயர்வது உடம்புக்கு லாபம். 3 மணிக்கு மேல் தூங்கினால் அது ராத்திரித் தூக்கத்தில் கழிந்துவிடும். மாலை 4 மணிக்கு மேல் டீ, காபி வேண்டாம். குடித்து ஐந்தாறு மணி நேரம் ஆனாலும் அதில் உள்ள கஃபீனில் பாதி உடம்பிலேயே இருக்கும்.

'கோடையில் குடும்பத்தோடு தரையிலும் திண்ணையிலும்தான் படுக்கிறோம். பாம்பு பயத்தில் பாதி ராத்திரி விழித்தே கழிகிறது. இதற்குப் பாதுகாப்பான வழி என்ன?'
- ஒரு வாசகர், திருவண்ணாமலை மாவட்டம்.

இந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு. தரையில் படுத்திருப்பவர்களைத் தூக்கத்திலேயே கடிப்பது அதிகமும் இதுதான். கடித்த இடத்தில் வீக்கமோ, பெரிய வலியோ இருக்காது. பல் பட்ட தடம்கூடத் தெரியாமல் போகலாம். எறும்பு கடித்தது என்று நினைத்துத் திரும்பிப் படுத்துவிடுவார்கள். விடியற்காலையில் வயிற்று வலி, வாந்தி வரும். கண் இமை தானாக மூடும், எச்சில் விழுங்க முடியாது, பேச்சு குழறும். அடுத்ததாக மூச்சு நிற்கும் அபாயம் உண்டு. தரையில் படுத்து எழுந்தவருக்குக் காலையில் இந்த அறிகுறிகள் தெரிந்தால், 'சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை' என்று வீட்டில் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது. 108-ஐ அழைத்து உடனே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். கடிவாயைக் கீறுவதும், இறுக்கிக் கட்டுவதும், வாயால் உறிஞ்சுவதும் கூடாது. ஆளை நடக்கவிடாமல், கை கால் அசையாமல் கொண்டுபோக வேண்டும். விஷமுறிவு மருந்தும், மூச்சுக்கு உதவும் கருவியும் நேரத்துக்குக் கிடைத்தால் உயிர் பிழைத்துவிடலாம்.

தடுப்பதற்கு இரண்டு வழிகள் போதும். முதலாவது, கட்டில். விலை உயர்ந்த கட்டில் தேவையில்லை. கயிற்றுக் கட்டிலே போதும். இரண்டாவது, கொசுவலை. கட்டில் இல்லாதவர்கள் தரையில் படுத்தாலும், வலையின் ஓரங்களைப் பாய்க்கு அடியில் நான்கு பக்கமும் இறுக்கிச் செருகிவிட வேண்டும். கொசு, தேள், பூரான், பாம்பு எல்லாவற்றுக்கும் அது ஒரே வேலி. நெல் மூட்டை, விறகு, கோழிக்கூண்டு இருக்கும் இடத்தில் எலி வரும்; எலியைத் தேடிப் பாம்பு வரும். படுக்கும் இடத்தை அவற்றிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். இரவில் எழுந்தால், காலைக் கீழே வைக்கும் முன் டார்ச் அடித்துப் பார்ப்பது பழக்கமாக வேண்டும். வலைக்குள் படுத்தவருக்குப் பயம் குறையும். பயம் குறைந்தால் தூக்கம் தானாக வரும்.

'சம்பா அறுவடை நேரத்தில் இரவில் மிஷின் ஓட்டம், அப்புறம் கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்குக் காவல், நடுவில் டிராக்டர் ஓட்டுவது என ஒரு வாரம் கண் மூடுவதில்லை. கோடையில் மும்முனை மின்சாரம் நள்ளிரவில் வந்தால் மோட்டார் போட எழ வேண்டும். இதெல்லாம் உடம்பைப் பாதிக்குமா?'
- ஒரு வாசகர், திருவாரூர் மாவட்டம்.

உடம்பைப் பாதிப்பது ஒருபுறம். அதைவிடப் பெரிய ஆபத்து, டிராக்டர் ஸ்டியரிங்கிலும் மோட்டார் ஸ்டார்ட்டரிலும் இருக்கிறது. 17 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து விழித்திருப்பவரின் கவனமும் கை வேகமும், ரத்தத்தில் 0.05 சதவிகிதம் மது உள்ளவரின் அளவுக்குக் குறைந்துவிடுகின்றன என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம் நாட்டுச் சட்டப்படி வண்டி ஓட்டுபவருக்கு அனுமதிக்கப்பட்ட அளவே 0.03 சதவிகிதம்தான். காலை 5 மணிக்கு எழுந்தவர், ராத்திரி 11 மணிக்கு நெல் மூட்டையோடு டிராக்டரை ரோட்டில் ஏற்றினால், குடிக்காமலே குடித்தவரைப் போல ஓட்டுகிறார் என்றுதான் அர்த்தம். டிரெய்லருக்குப் பின்னால் ஒளிரும் ஸ்டிக்கரும் இல்லையென்றால் ஆபத்து இரட்டிப்பு.

வேலையைத் தவிர்க்க முடியாது. ஆனால், முறை வைக்கலாம்.

- காவலுக்குத் தினமும் ஒரே ஆள் போகக் கூடாது. பக்கத்து வயல்காரர்கள் இரண்டு, மூன்று பேர் சேர்ந்து முறை வைத்துக்கொண்டால் ஒவ்வொருவருக்கும் ஒன்றுவிட்டு ஒரு ராத்திரியாவது முழுத் தூக்கம் கிடைக்கும். காட்டுப்பன்றிக்குக் காவல் இருக்கும் ஊர்களுக்கும் இதே முறை பொருந்தும்.

- எவ்வளவு வேலை இருந்தாலும் ஒரு நாளில் 4 மணி நேரத் தூக்கத்தை ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். உதாரணமாக, தினமும் 8 முதல் 12 வரை. அதன்பிறகு மோட்டார் போட எழுந்தாலும் உடம்புக் கடிகாரம் அதிகம் குழம்பாது. மீதியைப் பகலில் ஒன்றரை மணி நேரம் தூங்கி ஈடுகட்டலாம். பகல் தூக்கத்துக்கு அறையை இருட்டாக்கிக்கொள்ள வேண்டும். ஒரு துண்டைக் கண்ணில் கட்டிக்கொண்டாலும் போதும்.

- செல்போன் மூலம் இயங்கும் மோட்டார் ஸ்டார்ட்டர்கள் கிடைக்கின்றன. நள்ளிரவில் வயலுக்கு நடப்பது மிச்சம். அப்படி வசதி இல்லாதவர்கள், ஸ்டார்ட்டர் பெட்டியின் முன் காய்ந்த பலகையைப் போட்டு, செருப்பு அணிந்து, கையைத் துடைத்துக்கொண்டுதான் தொட வேண்டும். தூக்கக் கலக்கத்தில் ஈரக்கையோடு தொடுவதுதான் உயிரை வாங்குகிறது.

- இரவு முழுக்க விழித்த மறுநாள் பூச்சிக்கொல்லி தெளிப்பது, மரம் ஏறுவது, கதிரடிக்கும் இயந்திரத்தில் கை வைப்பது வேண்டாம். ஒரு நாள் தள்ளிப்போட்டால் பயிர் ஒன்றும் ஆகிவிடாது.

கண் எரிகிறது, கொட்டாவி தொடர்கிறது, வந்த வழி நினைவில்லை... இவை தெரிந்தால் வண்டியை ஓரங்கட்டி 20 நிமிடம் தூங்கிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். பாட்டுச் சத்தமும் முகம் கழுவுவதும் சில நிமிடங்களுக்குத்தான் உதவும்.

'என் மாமனாருக்கு 74 வயது. ஐப்பசி தொடங்கினால் தை வரை ராத்திரியில் நாலைந்து முறை சிறுநீர் கழிக்க எழுகிறார். மூட்டு வலி, இருமல் வேறு. குளிருக்கு அறையில் கரி அடுப்பு வைக்கலாமா?'
- ஒரு வாசகி, கொடைக்கானல் மலைப்பகுதி.

முதலில் கடைசிக் கேள்விக்குப் பதில்: மூடிய அறையில் கரி அடுப்பு, விறகு அடுப்பு, குமுட்டி எதுவும் கூடவே கூடாது. கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு வாயு உண்டாகிறது. அதற்கு வாசனை இல்லை, நிறம் இல்லை. தூங்குபவர் விழிக்காமலே உயிர் போய்விடும். அறையைச் சூடாக்குவதைவிட ஆளைச் சூடாக வைப்பது எளிது. காலுறை, குல்லாய், கம்பளி, படுக்கைக்கு அடியில் ஒரு தடித்த ஜமுக்காளம் போதும். காலில் கதகதப்பு இருந்தால் தூக்கம் சீக்கிரம் வரும். கொசுவர்த்திச் சுருளையும் மூடிய அறையில் ஏற்றக் கூடாது. இருமல் உள்ளவருக்கு அந்தப் புகையே எதிரி, கொசுவலைதான் நல்லது.

குளிரில் வியர்வை குறைவதால் சிறுநீர் கூடுவது இயல்பு. மாலை 6 மணிக்கு மேல் தண்ணீர், டீ குறைத்து, அந்தத் தண்ணீரைப் பகலிலேயே குடித்துவிடலாம். கால் வீக்கம் இருந்தால் மாலையில் ஒரு மணி நேரம் காலைத் தலையணை மேல் உயர்த்தி வைத்துப் படுக்கலாம். காலில் தேங்கிய நீர் இரவுக்கு முன்பே வெளியேறிவிடும். ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர் என்றால், எந்த நேரத்தில் சாப்பிடுவது என்று மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம். நாலைந்து முறை என்பது வயதால் மட்டும் வருவது என்று விட்டுவிடாமல், சர்க்கரை அளவையும் புராஸ்டேட் சுரப்பியையும் ஒருமுறை பரிசோதிக்க வேண்டும். படுக்கையிலிருந்து கழிப்பறை வரை ஒரு சின்ன விளக்கு அவசியம். வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் அந்தச் சிரமம் தூக்கமின்மையைவிடப் பெரியது.

மழைக்காலத்தில் இலவம்பஞ்சுத் தலையணையும் போர்வையும் ஈரம் பிடித்துப் பூஞ்சணம் கட்டும். இருமலுக்கு அதுவும் காரணமாக இருக்கலாம். வெயில் தலைகாட்டும் நாளெல்லாம் வெளியே போட்டு உலர்த்த வேண்டும். பெரியவரைத் தினமும் காலையில் அரை மணி நேரம் இளவெயிலில் உட்காரவைத்தால், மூட்டுக்கும் இதம்; உடம்புக் கடிகாரமும் சரியாகும்.

'மூன்று வருடமாகப் பருவம் தப்பி மழை. படுத்தால் தூங்கிவிடுகிறேன். ஆனால், 2 மணிக்கு விழிப்பு வந்தால் கடன் கணக்குதான் ஓடுகிறது. விடியும்வரை தூக்கம் இல்லை. மெடிக்கலில் தூக்க மாத்திரை வாங்கலாமா?'
- ஒரு வாசகர், பெரம்பலூர் மாவட்டம்.

வெப்பம், ஈரம், வேலை நேரம் மூன்றிலும் அடங்காத கேள்வி இதுதான். மாத்திரையைத் தானாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. சில மாத்திரைகள் பழக்கமாகிவிடும். சில, மறுநாள் வண்டி ஓட்டும்போது மயக்கம் தரும். மதுவும் தீர்வல்ல. அது முதலில் தூக்கம் தருவதுபோலத் தந்து, பின்னிரவில் எழுப்பிவிடும். 2 மணி விழிப்பை அதுவே கூட்டும்.

விழித்ததும் 20 நிமிடம் போலத் தூக்கம் வரவில்லை என்றால் படுக்கையில் புரண்டுகொண்டிருக்க வேண்டாம். எழுந்து, மங்கலான விளக்கில், திண்ணையில் உட்காரலாம். செல்போனை எடுக்கக் கூடாது. நேரமும் பார்க்கக் கூடாது. தூக்கம் வந்த பிறகு திரும்பப் படுக்கலாம். கடன் கணக்கைப் பகலிலேயே, சாயங்காலம் அரை மணி நேரம், வீட்டம்மாவோடு உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுதிவிட வேண்டும். யாருக்கு எவ்வளவு, எது முதலில், நாளை யாரைப் பார்ப்பது என்று எழுதி மூடிவிட்டால், மனம் அதை ராத்திரியில் சுமக்க வேண்டியதில்லை. கடன் குறையாது, ஆனால், தூங்கி எழுந்தவர் எடுக்கும் முடிவும், தூங்காதவர் எடுக்கும் முடிவும் ஒன்றல்ல.

இரண்டு வாரத்துக்கு மேல் இந்த அதிகாலை விழிப்பு தொடர்ந்தால், சாப்பாட்டில் ஆசை போனால், எதிலும் பிடிப்பில்லை என்று தோன்றினால், அது மனச்சோர்வாக இருக்கலாம். காய்ச்சலைப் போல அதுவும் ஒரு நோய், மருத்துவம் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொன்னால் மாவட்ட மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு வழிகாட்டுவார்கள். 14416 என்ற இலவச எண்ணில் எந்த நேரமும் பேசலாம். 2 மணிக்கு விழித்தால் அந்த 2 மணிக்கே பேசலாம். 'இருந்து என்ன பயன்' என்ற நினைப்பு ஒருமுறை வந்தாலும், அன்றே வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட வேண்டும். வீட்டில் இருப்பவர்களும் ஒன்று செய்ய வேண்டும். பூச்சிக்கொல்லி டப்பாக்களை வீட்டுக்குள் வைக்காமல், வேறு இடத்தில் பூட்டி, சாவியை வேறொருவரிடம் கொடுத்துவைக்க வேண்டும். இது எல்லா விவசாய வீட்டுக்கும் பொருந்தும் பாதுகாப்பு.

'கணவர் பலமாகக் குறட்டை விடுகிறார். நடுவில் மூச்சே நின்றுவிட்டதுபோல இருந்து, திடுக்கிட்டு விழிக்கிறார். பகலில் உட்கார்ந்த இடத்தில் தூங்குகிறார். நல்ல தூக்கம் என்று விட்டுவிடலாமா?'
- ஒரு வாசகி, ஈரோடு மாவட்டம்.

விடக் கூடாது. குறட்டை விடுவதெல்லாம் ஆழ்ந்த தூக்கம் அல்ல. தூக்கத்தில் மூச்சுப்பாதை அடைபடும் நோய் இது. ரத்த அழுத்தத்தைக் கூட்டும். வண்டி ஓட்டுபவருக்கு விபத்தைத் தேடித்தரும். காது, மூக்கு, தொண்டை மருத்துவரையோ நுரையீரல் மருத்துவரையோ பார்க்க வேண்டும். அதுவரை மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுப்பதும், எடையைக் குறைப்பதும், மதுவை விடுவதும் உதவும். பனிக்காலத்தில் மூக்கடைப்பு சேர்ந்தால் இது கூடும். அப்போது இன்னும் கவனம் தேவை.

பருவம் மாறும் முன்...

பங்குனியில் கூரைக்குச் சுண்ணாம்பு, கயிற்றுக் கட்டிலுக்குப் புதுக் கயிறு. பள்ளி திறக்கும் முன் பிள்ளைகளின் படுக்கை நேரத்தைத் தினம் 15 நிமிடமாக முன்னுக்குக் கொண்டுவருவது. 6 முதல் 13 வயதுப் பிள்ளைகளுக்கு 9 முதல் 11 மணி நேரத் தூக்கம் தேவை. ஐப்பசி மழைக்கு முன் கொசுவலையின் கிழிசலைத் தைத்து வைப்பது. மார்கழியில் 4 மணிக்குக் கோலம் போட எழும் வீடுகளில், முந்தின இரவு 9 மணிக்கே விளக்கை அணைப்பது. தையில் அறுவடைக்குத் தேதி குறிக்கும்போதே காவலுக்கு யார், எந்த ராத்திரி என்று முறை வைப்பது.

உழவுக்கும் விதைப்புக்கும் பட்டம் பார்க்கும் வீடு, தூக்கத்துக்கும் ஒரு பட்டம் பார்த்துவிட்டால் போதும்.